குளத்து மீனுக்குப் பொரி

ஐம்பதுகளின் கடைசியில் ஒருநாள், கொசுப்புழு தின்னும் மீன்களைத் தென்னூரில் கேட்டு வாங்கி, பித்தளைக் குடத்தில் விட்டு, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன். எங்கள் தெருவில் மீன் என்ற சொல்லையே யாரும் உரக்கச் சொல்லமாட்டார்கள். ஆனால் தெருக்கோடிக் குளமெங்கும் கொசுப்புழு. வீட்டுக்கு வீடு காய்ச்சல். மருந்தைத் தெளித்துவிட்டு அதே தண்ணீரில் எப்படிக் குளிப்பது? அதனால்தான் மீன்.

குளத்தில் விட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீஸ் போகும் முன்னும் வந்த பின்னும் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். மூன்று வாரமாகியும் புழு நெளிந்துகொண்டுதான் இருந்தது. தண்ணீரில் புளித்த வாடை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரணம் தெரிந்தது. தெருவே படித்துறையில் நின்று மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தது. முதல் ஆளாக என் மனைவி.

"வயிறு நிறைஞ்சா அது புழுவை ஏன் தின்னும்?" என்று கத்தினேன்.

"வாயில்லா ஜீவனை அழைச்சுண்டு வந்து பட்டினி போடறேளே, பாவமில்லையா?" என்றாள்.

மறுநாளிலிருந்து பொரியோடு வந்தவர்களையெல்லாம் விரட்டினேன். மகாபாவி என்று பேர் வாங்கினேன். ஆனால் நான் படியில் கால் வைத்ததுமே அத்தனை மீன்களும் என் காலடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

நான்காம் நாள், யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பொரியை எடுத்தேன்.