காய்ச்சல் விட்ட நாள்

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதத் தூறல் விட்டும் விடாமலும் இருந்த ஒரு சனிக்கிழமை. இலங்கையில், லுணுகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில் நடந்தது இது.

கொழுந்து நிறுத்து எழுதுவது என் வேலை. எழுதிவைக்கும் பழக்கம் வீட்டிலும் உண்டு. செவ்வாய் மாலை, கொழுந்தெடுக்கும் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டதிலிருந்து நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சூடு பார்த்துக் கொப்பியில் குறித்தேன். 103, 102, மறுபடி 103. கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் முறிகிற மாதிரி வலி என்றாள். அதையும் எழுதினேன். மழைக் காய்ச்சல் என்று நினைத்து, பரசிட்டமோல் மட்டும் கொடுத்தேன். சனி காலை 98.6. அதன் கீழ் இரண்டு கோடு போட்டேன்.

காய்ச்சல் விட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். ஊற்றிவிட்டால் நோய் முடிந்தது என்று அர்த்தம். திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்கு இறங்கிவிடலாம் என்றாள். நான் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அதற்குள் அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். வெறும் வயிறு, அதனால்தான் என்று இருவருமே சொல்லிக்கொண்டோம்.

அந்த நேரம், நுளம்பு பெருகும் இடங்களைப் பரிசோதிக்கச் சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு சிங்களப் பெண் வந்தார். பின்னால் கிடந்த பழைய டயரில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிவதைக் காட்டிவிட்டு, வாசலில் இருந்தவளைப் பார்த்துக் காய்ச்சலா என்று கேட்டார். விட்டுவிட்டது என்று கொப்பியை நீட்டினேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் பொறுமையாகப் படித்தார்.

“ஐயா, சூடு எல்லாம் எழுதியிருக்கு. மூத்திரம் போனது எங்க எழுதியிருக்கு?”

நேற்று இரவுக்குப் பிறகு போகவில்லை என்று மனைவிதான் மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னையும் பிடிக்கச் சொன்னார். சில்லென்றிருந்தது. நாலு நாளும் தெர்மாமீட்டரைப் பிடித்தேனே தவிர, அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

“டெங்குன்னா காய்ச்சல் போற நாள்தான் பயம். குளிக்க வேணாம். இப்பவே பதுளைக்குப் போங்க” என்றவர், தானே போன் பண்ணி ஆட்டோ வரவழைத்து, அது வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் டெங்கு என்று உறுதியானது. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கிவிட்டது என்றார் டாக்டர். வயிற்று வலி, வாந்தி, குளிர்ந்த கை, மூத்திரம் போகாதது எல்லாமே அதன் அறிகுறிகளாம். வேறு வலி மாத்திரை எதுவும் கொடுக்காதது நல்லது என்றும், மாலைவரை பொறுத்திருந்தால் காப்பாற்றுவது கஷ்டமாகியிருக்கும் என்றும் சொன்னார்.

அங்கே அவள் குடிப்பதையும் மூத்திரத்தையும் அளந்து சொல்லும் வேலை எனக்கு வந்தது. மூன்றாம் நாள் நான் அளவுக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலில் கிடந்தபடியே, “கொழுந்து நிறுக்கிறப்ப நனைஞ்ச தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பீங்களே, இதுலயும் கழிச்சிறாதீங்க” என்றாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு கோடு போட்ட அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை. இப்போது வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்றாலும் முதலில் கையைப் பிடித்துப் பார்க்கிறேன். கொப்பியை அதற்குப் பிறகுதான் எடுக்கிறேன்.