கவிழாத சிரட்டைகள்

நான் கண்ணால் கண்டதையும், உரியவர்கள் தம் வாயால் சொல்லி எழுத ஒப்பியதையும் மட்டுமே இங்கே தருகிறேன். மனநோயைப் பற்றிக் கேள்விப்பட்டதையெல்லாம் எழுதினால் ஊருக்கு இன்னொரு வதந்திதான் மிஞ்சும். பெயர்களை மாற்றியிருக்கிறேன், வேறெதையும் மாற்றவில்லை. மனநலப் பிரிவில் புதிதாகச் சேரும் செவிலியருக்காக எழுதுகிறேன்.

கீரிப்பாறைப் பக்கம் ரப்பர்ப் பால் வெட்டும் தாசையனை அவர் மனைவி சுசீலா, நான் செவிலியாக இருந்த மனநலப் பிரிவுக்கு அழைத்துவந்தார். அதற்குமுன் இரண்டு குடிநோய் மையங்களில் தாசையன் தங்கித் திரும்பியிருந்தார். இரண்டு முறையும் குடியை விட்டார். வேலைக்குப் போனதும் மறுபடி தொடங்கினார். இனியும் குடித்துவிட்டு வந்தால் வேலை கிடையாதென்று தோட்டத்தில் சொல்லிவிட்டார்கள்.

"குடிக்கு மட்டும் மருந்து தாங்க சிஸ்டர். மத்தபடி தங்கமான மனுசன். இவரு வெட்டுத மரத்துல மட்டும் ஒரு சிரட்டை கவுந்து கெடக்காது. சூப்பர்வைசரே சொல்லுவாரு" என்றார் சுசீலா.

எங்கள் மருத்துவர் அந்தப் புகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டார். சிரட்டை எப்படிக் கவிழாமலிருக்கிறது என்று தாசையனிடமே கேட்டார். பால் சொட்டுவதற்காக மரத்தில் பொருத்திய சிரட்டை, அந்தக் கொட்டாங்கச்சி, நேராக இருக்கிறதா என்ற ஐயத்தில், வெட்டி முடித்த மரத்துக்கே அவர் திரும்பத் திரும்பப் போவாராம்.

"ரெண்டு மடக்கு உள்ள போனாத்தான் சார் மரம் என்னைய விடும்."

ஏன் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை என்று சுசீலா கேட்டார்.

"வேல சுத்தம்னு எல்லாரும் புகழுதப்போ, நோவுன்னு யாருட்டடீ சொல்ல?"

குடிநோயோடு, ஓ.சி.டி. என்று நாங்கள் குறிக்கும் எண்ணச் சுழற்சி நோயும் அவருக்கு இருந்தது. குடியை மட்டும் நிறுத்தியபோதெல்லாம் ஐயம் பெருகி, அதுவே அவரைக் குடிக்குத் தள்ளியது. எனவே இரண்டுக்கும் ஒரே வேளையில் சிகிச்சை தொடங்கியது. குடியை நிறுத்தியதால் வந்த நடுக்கம் தணிந்தபின், மருந்தோடு ஒரு பயிற்சியும் சேர்ந்தது: ஒருமுறை பார்த்தபின் திரும்பிப் பாராமல், பதற்றம் தானே தணியும்வரை பொறுத்திருத்தல்.

வார்டுக் குழாயில் தொடங்கினோம். ஒரே முறை மூடிவிட்டு வந்து என்னருகே அமர்ந்தவருக்கு வியர்த்து வழிந்தது. தண்ணீர் சொட்டுகிறதா என்று மட்டும் சொல்லிவிடுமாறு கெஞ்சினார். சொன்னால் ஐயத்துக்குத் தீனி போட்டதாகும் என்பதால், சொல்லக் கூடாதென்பது விதி.

"எனக்கும் தெரியாது. தெரியாமலே இருப்போம்" என்றேன்.

'சிரட்டை நேரா இருக்குமா?' என்று தாசையன் வீட்டில் கேட்டால் பதில் சொல்லவேண்டாமென்று சுசீலாவுக்கும் மருத்துவர் அறிவுறுத்தினார். "புருசனுக்குப் பதில் சொல்லாண்டாம்னு சீட்டெழுதித் தந்த டாக்டரை இப்பத்தான் பாக்கேன்" என்று சுசீலா சிரித்தார்.

சில மாதங்களுக்குப் பின் மறுபரிசோதனைக்கு வந்த தாசையன், பரிசு பெற்றவர்போல் அறிவித்தார்.

"ஒரு சிரட்டை கவுந்து போச்சு சிஸ்டர். சூப்பர்வைசரு ஏசுனாரு. கவுந்தா கவுந்துட்டுப் போட்டும்னு நேரா வீட்டுக்கு வந்துட்டேன். இப்போ இவதான் என் வாய மோந்து மோந்து பாக்கா. அதுக்கும் மருந்து உண்டா?"

"ஒருக்காத்தான் மோந்தேன்" என்றார் சுசீலா.

நான் கற்றது இது: குடியோடு ஒருவர் வந்தால் அவரை ஊர் எதற்காக ஏசுகிறது என்பதோடு, எதற்காகப் புகழ்கிறது என்றும் கேளுங்கள்.

ஐயம் முந்தியதா, குடி முந்தியதா என்பது தாசையனுக்கே நினைவில்லை. நான் ஓய்வுபெறும்வரை இருவரும் சேர்ந்தே வந்து மாத்திரை வாங்கிச் சென்றார்கள். அதற்குப் பிந்தியது எனக்குத் தெரியாது.