துட்டி வீட்டில் சொன்ன வார்த்தை

என் வீட்டுக்காரர் பிரிகேடியராக ஓய்வு பெற்று சொந்த ஊரான எம்.ரெட்டியபட்டிக்கு வந்த மறுவருஷமே கட்சியில் சேர்ந்தார். சட்டமன்றத்துக்கு சீட்டும் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ராணுவக் குடியிருப்பில் இவர் நடந்து வந்தால் எதிரே வருகிறவன் விறைத்து நிற்பான். இங்கே இவர் பெட்டிக்கடைக்காரரைக் கும்பிட, அவர் கையிலிருந்த வாழைப்பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார்.

ஜெயிப்பதைவிட, ஊர் தன்னை 'நம்ம ஆளு' என்று சொல்ல வேண்டும் என்பதுதான் இவருக்கு ஆசை. சின்ன வயதிலேயே ரயிலேறியவர். பேச்சில் பாதி இந்தி, மீதி உத்தரவு. ஒரு வீட்டுக்குப் போனால், கிளம்பும்போது "சரி, போறேன்" என்று எழுந்துவிடுவார். விளங்கினாற்போலத்தான். நான்தான் திருத்தினேன்.

"யார் வீட்டுக்குப் போனாலும் கும்பிட்டு, 'போயிட்டு வாரேன்'னு சொல்லுங்க. வாய் தவறிக்கூட போறேன்னு சொல்லீராதீக."

அன்றிலிருந்து டீக்கடையில்கூட வாரேன்தான்.

பிரச்சாரத்துக்கு நடுவே பரளச்சியில் ஒரு சம்சாரி இறந்துபோனார். துட்டி கேட்கப் போனோம். கட்சியின் ஒன்றியச் செயலாளர், அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய், கூட வந்தார். இவர் பந்தலில் பேசாமல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எத்தனையோ சாவைப் பார்த்த மனுஷன், அதில் ஒரு குறை சொல்ல முடியாது. பரவாயில்லையே என்று நினைத்தேன். நினைத்து முடிக்கவில்லை, எழுந்து கும்பிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "போயிட்டு வாரேன்மா" என்றார்.

ஒப்பாரி நின்றுவிட்டது. பெஞ்சிலிருந்த பெரியவர், "எதுக்கு வாரீக? அடுத்த எழவுக்கா?" என்று கேட்டார். பாய் இவரைக் கையைப் பிடித்துக் காருக்கு இழுத்து வந்தார்.

"துட்டி வீட்டுல சொல்லிக்காமத்தேன் எந்திரிச்சு வரணும் அய்யா. வாரேன்னா இன்னொரு சாவுக்கு வாரேன்னு ஆயிரும். இனி இந்தப் பக்கம் வண்டியத் திருப்பாதீக."

இவர் என்னைப் பார்த்தார். "நீதானே எல்லா வீட்டுலயும் சொல்லச் சொன்ன?"

சொன்னேன்தான். இதையெல்லாம் ஒருத்தர் சொல்லியா தெரிந்துகொள்வது? யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் டிரைவரைத் திட்டினேன்.

தோற்றுப்போனார். பரளச்சியால்தான் என்றார் பாய். மற்ற ஊர்களில் ஏன் ஓட்டு விழவில்லை என்று அவருக்கும் தெரியவில்லை.

காரிலிருந்து கட்சிக் கொடியைக் கழற்றிக் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் இவர், "பரளச்சிக்குப் போகணும். வாரேன்னு சொல்லிட்டேன்ல" என்றார். திட்டுவார்களா, சிரிப்பார்களா என்று எனக்குப் பயம். வேண்டாம் என்றேன். மனுஷன் கேட்டால்தானே.

இறந்தவரின் மனைவி கடையில் கலர் சோடா வாங்கி வரச் சொல்லிக் கொடுத்தார். மழையைப் பற்றியும் மிளகாயைப் பற்றியும் பேசினோம். தேர்தல் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கிளம்ப எழுந்தவர் கும்பிட்ட கையோடு அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். சாவு விழுந்து வருஷம் திரும்பாத வீடு, சொல்லலாமா கூடாதா என்று எனக்கும் தெரியவில்லை.

அந்த அம்மாதான் சொன்னார்: "சொல்லிட்டுப் போங்கண்ணே. செயிச்சவுக இன்னும் இந்தப் பக்கமே வரல."

"போயிட்டு வாரேன்மா" என்றார்.

காரில் ஏறியதும் அழுதார். இத்தனை வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.