பேட்டரிப் படகைச் சுற்றி நீந்திய யானைகள்

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிருஷ்ணகிரி அணைத் தண்ணீரில் நடந்தது இது. எங்களுக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. என் கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் வேலை. அவருக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம், கடலோரம். நானோ காவேரிப்பட்டினத்துக்காரி. தென்பெண்ணையில் முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்கியதே கிடையாது.

தொழிற்சாலைக்குள் சாமான் ஏற்றிக்கொண்டு ஓடும் பேட்டரி வண்டிகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. அவருடைய சட்டை, பேண்ட், லுங்கி எதை எடுத்தாலும் ஆசிட் தெறித்துப் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கும். துவைக்கத் துவைக்க அந்த ஓட்டைகள் பெரிதாகும். என் புதுப்புடவை ஒன்றையும் அப்படித்தான் பறிகொடுத்தேன்.

என் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அணைக்கரையில் இறங்கி மீன் வாங்காமல் அவரால் வர முடியாது. அங்கே மீன் வியாபாரம் செய்த பாய் ஒருவர் அப்படித்தான் எங்களுக்குப் பழக்கமானார். நல்ல உயரம், கணீரென்ற குரல். அவருக்கு ஒரு கவலை இருந்தது. பரிசல்காரர்கள் வலையை எடுத்துவிட்டுத் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்து சேர்வதற்குள் வெயில் ஏறி, பாதி மீன் வாடிவிடும். ஒரு படகு இருந்தால் பரிசல் பரிசலாகப் போய் மீனை வாங்கி ஐஸில் போட்டுவிடலாம்.

"டீசல் இன்ஜின் வெச்சுப் பாத்துட்டேன் தம்பி. சத்தத்துக்கு மீன் ஓடிப்போவுது. எண்ணெ நாத்தம் மீன்ல ஏறிடுது" என்றார் பாய்.

"பேட்டரியில ஓட்டலாமே பாய்" என்று என் கணவர் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். பாய் அதைப் பிடித்துக்கொண்டார். பழைய இரும்புக் கடைகளில் அலைந்து கழித்துப்போட்ட வண்டி பேட்டரிகளையும் ஒரு மோட்டாரையும் வாங்கி வந்துவிட்டார். ஒவ்வொரு பேட்டரியையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கணவர் அங்கே போய், தகரம் அடித்த ஒரு பழைய படகில் அவற்றை வரிசையாக இறக்கி, பின்பக்கம் மோட்டாரைப் பூட்டினார்.

வெள்ளோட்டத்தன்று என்னையும் அழைத்துப் போனார். மீன் பாரம் ஏறினால் படகு எப்படி ஓடும் என்று பார்க்க மணல் மூட்டை வைக்கலாம் என்றார் பாய். "மூட்டை எதுக்கு பாய், என் சம்சாரம் உக்காரட்டும்" என்றார் இவர். முறைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன்.

படகு கிளம்பியதும் என் கோபம் போய்விட்டது. சத்தமே இல்லை. தேன்கூட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்த மாதிரி ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த நீர்க்காகங்கள் நாங்கள் கிட்டே போகும்வரை எழும்பவே இல்லை. பாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எவ்வளவு நேரம் ஓடுகிறது பார்த்துவிடலாம் என்று சுற்றிச் சுற்றி ஓட்டச் சொன்னார்.

விளைவு, நட்டநடுத் தண்ணீரில் ரீங்காரம் மெதுவாக இறங்கி, நின்றுவிட்டது.

"என்னாச்சு தம்பி?"

"சார்ஜ் இறங்கிடுச்சு பாய். பழைய பேட்டரிதானே? கொஞ்சம் ஓய்வு குடுத்தா மறுபடி லேசா உசுரு வரும். அதுக்குள்ள போட்டு ஓட்டக் கூடாது."

"இந்தக் காசுக்கு ரெண்டு பரிசல் வாங்கியிருக்கலாம் போல" என்று பாய் முணுமுணுத்தார். படகில் துடுப்பு ஒன்றுதான் இருந்தது. இத்தனை பாரத்தை அதை வைத்துத் தள்ள முடியாது. சரி, காத்திருப்போம் என்று உட்கார்ந்திருந்தோம்.

அப்போதுதான் மலைப் பக்கத்துக் கரையிலிருந்து தப்பட்டைச் சத்தம் கேட்டது. கூடவே ஆட்கள் கத்தும் சத்தம். திருவிழா போலிருக்கிறது என்று நினைத்தேன். தேன்கனிக்கோட்டைக் காட்டிலிருந்து யானைகள் கிளம்பி வந்திருப்பதாக அந்த வாரம் முழுக்க ஊரில் பேச்சு. யாரும் பெரிதாக நம்பவில்லை. கிருஷ்ணகிரி பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பாகன் ஓட்டி வந்து காசு வாங்கும் யானைதான்.

"அங்க பாருங்க, பரிசல் எல்லாம் கவுந்து மிதக்குது" என்றேன் நான்.

என் கணவர் எழுந்து நின்று பார்த்தார். கடலில் பிறந்து வளர்ந்த மனுஷன், அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். "பரிசல் இல்ல புள்ள" என்றார்.

கறுப்புப் பாறைகள் நகர்ந்து வருகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு பாறைக்கும் முன்னால் ஒரு தும்பிக்கை தண்ணீருக்கு மேல் வளைந்து நின்றது. ஏழு யானைகள். நடுவில் ஒரு குட்டி. இந்தப் பக்கத்துக் கரையைப் பார்த்து, அதாவது எங்களைப் பார்த்து, நேராக நீந்தி வந்துகொண்டிருந்தன. அத்தனை பெரிய உடம்புகள், தண்ணீரில் அத்தனை லேசாக வந்தன.

அதற்குள் எங்களுக்குப் பின்னால் இந்தக் கரையிலும் ஜனம் கூடிவிட்டது. கரையை ஒட்டி நெல் வயல், அதற்கு அந்தப் பக்கம் ஊர். யானை ஏறினால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். வெடி படபடவென்று வெடித்ததும் முன்னால் வந்த பெரிய யானை நின்றது. தலையைத் திருப்பி வந்த வழியே போகப் பார்த்தது. அங்கே தப்பட்டை. மறுபடி இந்தப் பக்கம் திரும்பியது. இங்கே வெடி. அங்கும் போக முடியாமல், இங்கும் ஏற முடியாமல், கூட்டம் முழுவதும் நடுத்தண்ணீரில் வட்டமடிக்க ஆரம்பித்தது. எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு வீட்டு முற்றம் அளவுதான் தூரம் இருக்கும்.

அந்தக் குட்டி களைத்துப்போயிருந்தது. அதன் தலை தண்ணீருக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் பக்கத்திலிருந்த தாய், அடியில் தும்பிக்கையைக் கொடுத்து மேலே தூக்கிவிட்டது. ஒரு தடவை குட்டி உள்ளே போய் உடனே வரவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு அந்தக் குட்டித் தும்பிக்கை மட்டும் மேலே வந்து, புஸ்ஸென்று மூச்சு விட்டது.

"இப்படியே விட்டா குட்டி செத்துரும்" என்றார் என் கணவர். "பாய், கரையில கத்துறவங்கள நிறுத்தணும். இங்கேருந்து கத்தினா வெடிச் சத்தத்துல கேக்காது."

"மோட்டாரைப் போடு தம்பி" என்றார் பாய்.

"கரைக்குப் போகணும்னா அதுங்க பக்கமா சுத்தித்தான் போகணும் பாய். நேராப் போற வழி முழுக்க முள்மரம் முங்கிக் கெடக்கு." சொல்லிவிட்டு இவர் என்னைப் பார்த்தார். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் இருந்தது. நான் "போங்க" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சுவிட்சைப் போட்டார். ஓய்வெடுத்த பேட்டரி லேசாக முனகிக்கொண்டு உயிர் பெற்றது. டீசல் இன்ஜினாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. படகு சத்தமில்லாமல் நகர்ந்தது. யானைகளின் மூச்சுதான் எங்களுக்குக் கேட்டது. பெரிய துருத்தியை அழுத்தி விடுவதுபோல ஒவ்வொரு மூச்சும். பச்சை இலையும் சேறும் கலந்த ஒரு வாசனை எங்கள் மேல் வந்து விழுந்தது.

முன்னால் வந்த அந்தப் பெரிய பெண் யானை வட்டம் சுற்றிக்கொண்டு நேராக எங்கள் படகின் மேல் வந்தது. அதன் நெற்றியில் இருந்த ரோமங்களில் தண்ணீர்த் துளிகள் நின்றதைக்கூடப் பார்த்தேன். ஒரு கண் எங்களைப் பார்த்தது. பழுப்பு நிறக் கண், நீளமான இமைமுடி. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். பாய் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தார். அது ஒரு தட்டுத் தட்டினால் போதும், நாங்கள் மூன்று பேரும் அத்தனை பேட்டரிகளும் அடியில்.

யானை தலையைக் கொஞ்சம் ஒதுக்கியது. பிறகு அந்த மலை போன்ற உடம்பும் மெதுவாக ஒதுங்கியது. படகில் உரசாமல், எங்களைச் சுற்றிக்கொண்டு, குட்டியிடம் திரும்பிப் போனது. அது விட்டுப்போன அலையில் படகு தொட்டில் மாதிரி ஆடியது.

கரைக்குக் கொஞ்சம் முன்னால் மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. பாய் படகில் எழுந்து நின்றார். மீன் ஏலம் விட்டுப் பழகிய குரல். "வழிய விடுங்கப்பா! தோவ இவ்வண்டி! தாரி பிடி!" தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஒரே பேச்சு, வழி விடுங்கள் என்பது. அங்கே நின்றவர்களில் அத்தனை பாஷைக்காரர்களும் இருந்தார்கள். அதையே திரும்பத் திரும்பக் கத்தினார்.

கையில் சரவெடியோடு முன்னால் நின்றவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் வயலு பாய் இது! கதிரு முத்தி நிக்குது. உனுக்கென்னா, தண்ணியில நின்னுகினு பேசுவ!"

"குட்டி முங்குதுப்பா! ஒரு தபா கண்ணால பாரு!"

அவர் பார்த்தாரோ இல்லையோ, அவருக்குப் பக்கத்தில் நின்ற அவர் மனைவி பார்த்துவிட்டார். இடுப்பில் கைக்குழந்தை. தாய் யானை குட்டியைத் தூக்கிவிடுவதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கணவர் கையிலிருந்த வெடிச்சரத்தைப் பிடுங்கித் தண்ணீரில் வீசினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் கொளுத்தவில்லை. ஜனம் இரண்டாகப் பிரிந்து மேட்டுக்கு ஏறியது. இந்தப் பக்கம் அடங்கியதும், அந்தக் கரைத் தப்பட்டையும் எதையோ புரிந்துகொண்டதுபோல நின்றுவிட்டது.

அந்த அமைதியில்தான் அவை கரையேறின. தண்ணீரில் வெறும் நெற்றியாகத் தெரிந்தவை, எழ எழ உயர்ந்துகொண்டே போயின. உடம்பிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியது. குட்டி கரையில் கால் வைத்ததும் மடங்கி விழுந்தது. மற்ற யானைகள் அதைச் சுற்றிச் சுவர் மாதிரி நின்றுகொண்டன. நூறு பேருக்கு மேல் இருந்திருப்பார்கள், ஒருவர்கூட இருமவில்லை. கொஞ்ச நேரம் கழித்து தாய் தும்பிக்கையால் மெல்லத் தட்டவும், குட்டி தட்டுத்தடுமாறி எழுந்து அதன் வயிற்றில் சாய்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரிடமிருந்தும் ஒரே பெருமூச்சு.

பிறகு அந்த வயல் வழியாகவே நடந்து போயின. முற்றிய கதிரெல்லாம் காலடியில் சாய்ந்தது. வயல்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசி யானையும் போன பிறகு, "போவட்டும்" என்று ஒரே வார்த்தை சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. அது நெல்லுக்காகவா, குட்டிக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த யானைகள் ஆந்திரா பக்கம் போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள். பாய் அந்தப் படகைக் கொஞ்ச காலம் ஓட்டினார். பேட்டரியின் பாரமும் அடிக்கடி அதற்குள் தண்ணீர் ஊற்றுகிற வேலையும் கட்டுப்படியாகாமல் விட்டுவிட்டார். இப்போது மீன்பிடிப் படகுகளுக்கு லித்தியம் பேட்டரி வந்துவிட்டது, ஒரே ஆள் தூக்கி வைத்துவிடலாம் என்று என் மகன் போனில் படம் காட்டுகிறான். அதைப் பார்த்த என் கணவர், "இது அப்பவே இருந்திருந்தா நாம நடுத்தண்ணியில நின்னிருக்க மாட்டோமே" என்றார். நின்றதே நல்லது என்று எனக்குத் தோன்றியது.

யானை அட்டகாசம் என்று செய்தியில் வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழுப்புக் கண் முன்னால் வந்து நிற்கும். இரண்டு கரையிலும் விரட்டுகிறார்கள், கூட்டத்துப் பிள்ளை மூழ்கிக்கொண்டிருக்கிறது, அப்படிப்பட்ட நேரத்திலும் அது எங்களை இடிக்காமல் ஒதுங்கிப் போனது. எனக்கு ஒரு கஷ்டம் வந்து, கையில் அகப்பட்டவர்கள் மேல் அதைக் கொட்டிவிடலாம் என்று மனம் துடிக்கும்போது, அந்தப் பெரிய தலை கொஞ்சமாக ஒதுங்கியதை நினைத்துக்கொண்டு நானும் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறேன்.