பூச்சிக்கு வெட்டிய பள்ளம்

கொளஞ்சியப்பன் யாரையும் எளிதில் நம்புகிறவர் அல்ல. உரக்கடையில் மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்க்காமல் வாங்கமாட்டார். விற்க வந்தவன் மாட்டைப் புகழ்ந்தால், அந்த மாடு வேண்டாம் என்று திரும்பிவிடுவார். "பொண்ணு பாக்க வந்தப்ப என் பல்லைக்கூட எண்ணிப் பாத்த ஆளு" என்பாள் மனைவி ஆண்டாள்.

கச்சிராயபாளையத்துக்கு மேலே, மலையடிவாரத்தில் கீழ்வயல் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துக் கடலை போட்டிருந்தார். இந்த வெள்ளாமை போனால் நிலக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார். அந்த ஆள் மேல்வயல் சின்னராசுதான் என்பது அவருடைய முடிவு.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரங்களை வெட்டிப்போட்டு மறித்த எண்பத்தேழாம் வருடம் அது. புரட்டாசி மழை விட்டதும் மேலே தரிசாகக் கிடந்த கரம்பிலிருந்து கம்பளிப்பூச்சி இறங்கியது. செம்பட்டை மயிரோடு தரையே நகர்வதுபோல் வரும். ஒரு வயலை மொட்டையடித்துவிட்டு அடுத்த வயலுக்கு நடக்கும். அதைத் தடுக்க வரப்போரம் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் எடுப்பார்கள். வயல் பக்கத்துச் சுவரைச் செங்குத்தாகச் சீவிவிட்டால் விழுந்த பூச்சியால் ஏற முடியாது. வண்டிப்பாதை வயலுக்குள் நுழைகிற இடத்தில் மட்டும் வெட்டமாட்டார்கள். அங்கே மேல்வயல்காரரும் கீழ்வயல்காரரும் முறைபோட்டு நின்று, வருகிற பூச்சியை விளக்குமாறால் பள்ளத்துக்குள் கூட்டித் தள்ளுவது வழக்கம்.

சின்னராசு தன் முறையில் பூச்சியைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளுவதாகக் கொளஞ்சியப்பனுக்குப் பட்டது. மறுநாள் மாலை மண்வெட்டியோடு போய்ப் பாதையையே குறுக்காக வெட்டத் தொடங்கினார்.

"மாமா, பாதையில கை வெக்காத. போலீஸ் சுத்திக்கினு இருக்குது" என்றார் சின்னராசு.

"என்மேல இன்னாடா திடீர்னு அக்கறை?" என்று கேட்டுவிட்டு, இன்னும் ஒரு சாண் ஆழமாக வெட்டினார்.

மரம் வெட்டியவர்களைத் தேடி விடிகாலையில் வந்த ஜீப்பின் முன்சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கி நின்றது.

"யாருய்யா ரோட்ட வெட்டினது?"

"பூச்சிக்கு வெட்டினதுங்க" என்றார் கொளஞ்சியப்பன்.

"எந்த ஊருப் பூச்சிய்யா ஜீப்புல வருது?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். ஒரு போலீஸ்காரர் வந்து கொளஞ்சியப்பன் கையைப் பிடித்தார்.

சின்னராசு வரப்பில் வந்து நின்றார். இனி இவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிலம் அவனுக்கு என்று கொளஞ்சியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"சார், இவரு எந்தக் கூட்டத்துக்கும் போவமாட்டாரு. கூட்டம் போடறவனையும் நம்பமாட்டாரு" என்றார் சின்னராசு.

"உனக்கு எப்படித் தெரியும்? நீயும் சேந்து வெட்டினியா?"

"என்னை நம்பாமத்தான் சார் வெட்டினதே."

அதற்குள் ஜீப்பைத் தூக்கக் குனிந்திருந்த இன்னொரு போலீஸ்காரர் முழங்காலுக்குக் கீழே பரபரவென்று சொறிந்துகொண்டிருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். அடியில் மண் தெரியவில்லை, அவ்வளவு பூச்சி. முகம் சுளித்தாரே தவிர சந்தேகம் முழுதாகப் போகவில்லை. "இப்பவே மூடு. இன்னொரு தடவை ரோட்டுல வெட்டு விழுந்தா ரெண்டு பேரும் உள்ள" என்றார்.

ஜீப்பைத் தூக்கிவிட்டுப் பள்ளத்தை மூடினார்கள். வெயில் தாழ்ந்ததும் கரம்பிலிருந்து பூச்சி மறுபடி கிளம்பியது. இப்போது பாதை திறந்து கிடந்தது.

"இன்னிக்கி என் மொறை. நீ வூட்டுக்குப் போய்ச் சாப்புடு" என்றார் சின்னராசு.

கொளஞ்சியப்பன் போகவில்லை. ஓரமாகக் குந்திக்கொண்டு, விளக்குமாறு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்தின் பக்கமாகத்தான் போனது. தான் பார்ப்பதால்தான் ஒழுங்காகத் தள்ளுகிறான் என்று தோன்றியது.

"என் கையப் பாத்தது போதும் மாமா. உன் பின்னால பாரு."

திரும்பினார். அவர் குந்தியிருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு கூட்டம் அவருடைய கடலைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. மேல்துண்டை உருவி அடித்து விரட்டினார். தீரவில்லை.

"ஒரு ஆளுக்கு அடங்காதுடா. இன்னொரு வெளக்குமாறு இருக்குதா?" என்றார்.

"இருக்குது. மோந்து பாத்து எடுத்துக்க."