சித்தி கேட்ட கதிரை

திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில், குளிரூட்டிய அறையின் பெரிய திரையில், ஒரு கட்டு முருங்கைக்காயை அணைத்துப் பிடித்தபடி என் சித்தி தோன்றினார். அம்மாவின் தங்கை. வீடு பாமன்கடையில், வேலை வெள்ளவத்தையில் ஒரு வங்கியில். வேலை முடிந்து வரும் வழியில் மரக்கறி வாங்க எங்கள் கடைக்குள் நுழைவார். ‘எங்கள் கடை’ என்றால், தீவு முழுக்கக் கிளை பரப்பிய பெரிய சுப்பர் மார்க்கெட் நிறுவனம். அதன் தலைமை அலுவலகத்தில், தொடர்பாடல் பிரிவில் நான் வேலை செய்தேன். ஊர் எங்களைப் பற்றி என்ன பேசுகிறது என்று பார்ப்பதும், அதற்கு இனிப்பான வார்த்தைகளில் மறுமொழி எழுதுவதும் என் தொழில். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊர் பேசியது திரையில் ஓடிக்கொண்டிருந்த அந்தக் காணொளியைப் பற்றித்தான்.

நடந்தது இதுதான். வெள்ளவத்தைக் கிளையில் காசு வாங்கும் மேசைக்குப் பின்னால் களுபோவிலவிலிருந்து வரும் ஒரு சிங்களப் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். நிறைமாதம். வீங்கிய காலுக்குச் சப்பாத்து ஏறாமல் ரப்பர் செருப்பு போட்டிருந்தாள். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடம்பை மாற்றி மாற்றி நின்றவளிடம், “ஏன் நங்கி, கதிரை இல்லையா?” என்று, தங்கையை அழைப்பதுபோல, சித்தி சிங்களத்தில் கேட்டார். கதிரையில் உட்கார்ந்திருந்து வேலை செய்ய அனுமதியில்லை, வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்காதாம் என்றாள் அவள், மிகவும் மெதுவாக. சித்தி திரும்பி, பின்னால் நின்ற வரிசையைப் பார்த்து முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் கேட்டார்: “வாடிக்கையாளர் எண்டா நாங்கள்தானே? இந்தப் பிள்ளை இருந்தா ஆருக்காவது கோவமோ?”

சித்தி தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசை. அந்தக் குரல் மீன் பகுதி வரைக்கும் கேட்டிருக்கும். வரிசையில் ஒருவருக்கும் கோபமில்லை. கறுப்பு அபாயா அணிந்த ஓர் அம்மா, “எனக்கும் நாலு புள்ள, இரி மகள்” என்றார். மேற்பார்வையாளர் ஓடி வந்து விதியைச் சொன்னார். “அவ இருந்த பிறகு நான் காசு தாறன். அதுவரைக்கும் இஞ்சையே நிப்பன்” என்று சித்தி சொல்லிவிட்டார். வரிசை அரிசி மூட்டைகள் வரை நீண்டது. அப்போது ஒரு பெரியவர் வீட்டுப் பாவனைப் பொருட்கள் பகுதிக்குப் போய், விலைச் சீட்டு ஒட்டியிருந்த சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலொன்றைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். “வாடிவென்ன, நங்கி”, “இரு, தங்கச்சி” என்று வரிசையே இரு மொழியிலும் சொன்னது. அவள் மேற்பார்வையாளரைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள், பிறகு ஸ்டூலில் இருந்தாள். அவள் முகம் தளர்ந்து விரிந்ததும், எல்லோரும் கைதட்டியதும், சித்தி முருங்கைக்காயை மேசையில் வைத்ததும் காணொளியில் தெளிவாகப் பதிவாகியிருந்தன.

திரை அணைந்ததும், “யார் இந்தப் பெண்மணி?” என்று பொது முகாமையாளர் கேட்டார். “என் சித்தி, சேர்” என்றேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவரோ, “நல்லது. நீயே போய்ச் சமாதானம் பேசு” என்றார். எங்கள் நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்புகள் நிரம்பிய ஒரு பரிசுக் கூடையும் தந்து அனுப்பினார்கள்.

சித்தி கதவைத் திறந்தவுடன் கேட்ட முதற் கேள்வி, “அந்தப் பிள்ளைக்கு இன்னும் வேலை இருக்கோ?” என்பதுதான். விசாரணை நடக்கிறது, முடிவாகவில்லை என்றேன். கூடையை வாங்கி அதிலிருந்த தேயிலையில் எனக்குத் தேநீர் போட்டார். அதிலிருந்த பிஸ்கட்டையே தட்டில் அடுக்கி வைத்தார். வங்கிக் கதை, பாடகர் குழுக் கதை எல்லாம் பேசினோம். இரண்டு வாய் குடித்தபின் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: “தேயிலை நல்லாத்தான் இருக்கு, தம்பி. கதிரை எங்கை?” நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் கேள்வி அப்படியே நின்றது.

மறுநாள் அலுவலகத்தில் அந்த விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடினேன். எங்கேயும் இல்லை. முதற் கிளை திறந்த நாளிலிருந்து ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு வந்த பழக்கம் அது. வாடிக்கையாளருக்குப் பிடிக்காது என்று மாடி மாடியாக எல்லோரும் நம்பினோம். ஒரு வாடிக்கையாளரைக்கூடக் கேட்டதில்லை. பெரிய நிறுவனங்களில் அநியாயம் பெரும்பாலும் ஒரு கெட்ட மனிதரின் வேலையாக இருப்பதில்லை. கடைக்கு வராத, முகமில்லாத யாரோ ஒருவருக்குப் பிடிக்காது என்ற பயமே ஆட்சி செய்கிறது. சித்தி செய்ததெல்லாம், அந்த முகமில்லாத ஆளின் இடத்தில் தானே போய் நின்று, எனக்குப் பிடிக்கும் என்று உரத்துச் சொன்னதுதான்.

விசாரணையைக் கைவிட்டார்கள். ஆனால் நிறுவனம் முதலில் அறிவித்தது அரைகுறைச் சலுகை: கர்ப்பிணிகள் மட்டும், அதுவும் வைத்தியரின் கடிதத்தோடு, கதிரையில் இருக்கலாம். சித்தி சண்டை பிடிக்கவில்லை. வங்கித் தோழிகளுக்கும், பாடகர் குழுவுக்கும், அன்றைக்கு அறிமுகமான அபாயா அம்மாவுக்கும் சொன்னார். அவர்கள் தங்கள் தங்கள் ஆட்களுக்குச் சொன்னார்கள். தெமட்டகொடையிலும் கொட்டாஞ்சேனையிலும் காசு கட்டும்போதெல்லாம் யாராவது ஒருவர் சிரித்த முகத்தோடு, “நீங்கள் ஏன் நிக்கிறீங்கள்?” என்று கேட்டார். திட்டவில்லை, கோஷம் போடவில்லை. அந்த ஒரு கேள்விதான். கிளை முகாமையாளர்கள் அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி அனுப்பிக் களைத்துப் போனார்கள்.

கடைசியில் பொது முகாமையாளரை அசைத்தது நியாய உணர்வு என்று நான் சொல்ல மாட்டேன். போட்டி நிறுவனம் முந்திக்கொண்டு கதிரை போட்டுவிடப் போகிறது என்று யாரோ அவர் காதில் போட்டார்கள். அடுத்த வாரமே எல்லாக் கிளைகளுக்கும் உயரமான கதிரைகள் போயின. கூடவே, ‘எங்கள் ஊழியர்களின் நலனே எங்கள் மரபு’ என்று பெரிய பதாகையும் ஏறியது. அந்த வாசகத்தை எழுதியது நான்தான். சித்தி அதை வாசித்துவிட்டு என்ன சொல்வாரோ என்று கூசிக்கொண்டு வெள்ளவத்தைக் கடை வாசலில் அவரோடு நின்றேன். அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

“எழுதட்டும், தம்பி. இன்னும் பெரிசா எழுதச் சொல்லு. ஊரறியப் பெருமை பேசினால், நாளைக்குக் கதிரையைத் தூக்கேலாது.”

நான் அதற்கு முன் என் தொழிலை அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. நிறுவனங்களின் பெருமைப் பேச்சு வெறும் பூச்சு என்றுதான் நானே நம்பியிருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வாக்குறுதியையும், திரும்ப வாங்க முடியாதபடி, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுதப் பழகிக்கொண்டேன். குழந்தை பிறந்து சில மாதங்களில் அந்தப் பிள்ளை வேலைக்குத் திரும்பினாள். பாற்சோறு கட்டிக்கொண்டு வந்து, வரிசையில் நின்ற சித்திக்கு நீட்டினாள். சித்தி அதை அங்கேயே பிரித்து, முன்னும் பின்னும் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

இப்போது நான் அந்த நிறுவனத்தில் இல்லை. அண்மையில் கொட்டாஞ்சேனையில் அவர்கள் திறந்த மற்றொரு புதிய கிளைக்குச் சாமான் வாங்கப் போனேன். இருந்து வேலை செய்வதற்கு ஏற்ற உயரத்திலேயே மேசைகளைக் கட்டியிருந்தார்கள். இனி ஒருவரை நிற்க வைப்பதென்றால் மேசையையே உடைக்க வேண்டும். காசு வாங்கிய பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். என் வாய் சும்மா இருக்கவில்லை. “முந்தி உங்கட கடையில எல்லாரும் நிண்டுகொண்டுதான் வேலை செய்தவை, தெரியுமோ?” என்றேன்.

மிச்சக் காசை எண்ணிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. நான் பகிடி விடுகிறேனோ என்று முகத்தைப் பார்த்தாள்.

“நாள் முழுக்கவோ? ஏன் அண்ணா?”