பொய்த்தவளையில் என் முடி

பாவாவுக்குத் தொடை எலும்பு முறிந்தபோது முருகனுக்கு என் முடியை வேண்டிக்கொண்டேன். பாவா என்றால் அக்கா வீட்டுக்காரர். பள்ளிப்பட்டு ரோட்டில் வண்டி சறுக்கி விழுந்துவிட்டார். எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். அவர் கோல் இல்லாமல் நாலடி நடக்கட்டும், மலைக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னேன். அதுவரை தலையில் கத்திரி படக்கூடாது. வேண்டிக்கொண்ட பிறகு முடி சாமியுடையது. தலை மட்டும்தான் நம்முடையது.

நான் கதவைப் பூட்டினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள். அப்படிப்பட்டவனிடம் சாமி பொருள் ஒன்று வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? ரயில் ஜன்னலில்கூடத் தலை சாய்க்கப் பயந்தேன். எட்டு மாதத்தில் முடி கண்ணை மறைத்தது. பாவா என்னைச் சாமியாரே என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அவருக்கு மீன்பிடிப் பைத்தியம். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள், தறி ஓடாது. அன்றைக்கு இரண்டு பேரும் ஏரிக்குப் போய்விடுவோம். கட்டிலில் கிடந்த மாதங்களில் போக முடியாததால் என்னைப் பொய்த்தவளை கட்டச் சொல்லிப் படுத்தினார். பழைய ரப்பர் செருப்பைத் தவளை போலச் சீவி, அடியில் தூண்டிலின் இரட்டை முள்ளை நூலால் பிணைத்து, பின்னால் ஆட்டு முடியை இரண்டு கொத்தாகக் கால் மாதிரி கட்ட வேண்டும். தண்ணீர்மேல் இழுத்தால் முடி விரிந்து சுருங்கும். விரால் நிஜத் தவளை என்று நினைத்துப் பாயும். கட்டுவதற்குத் தறி நூல், மினுக்கத்துக்கு ஓர் இழை சரிகை, முடிச்சு அவிழாமலிருக்க அக்காவின் நகப்பூச்சு. ஒரு பாட்டில் முழுக்கத் தவளைக்கே போயிற்று என்று அக்கா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

நான் ஏழாவதோடு நின்று தறிக்கு வந்தவன். அறுந்த இழையைப் பிணைத்து மீந்த நுனியை வெட்டுவதுதான் என் படிப்பு. அதற்குக் கண் தேவையில்லை, கையே பார்த்துக்கொள்ளும். அதனால் வந்த வினைதான். ஒரு நாள் குனிந்து கட்டிக்கொண்டிருந்தேன். நெற்றியிலிருந்து தொங்கிய முடி ஆட்டு முடியோடு சேர்ந்துகொண்டது. கை முடிச்சுப் போட்டது, பழக்கப்படி நறுக்கென்று வெட்டியது. தலை நிமிர்ந்தபோது முன்நெற்றியில் ஒரு கொத்து கட்டையாக நின்றது.

அவிழ்த்துவிடலாம் என்று நினைப்பதற்குள் பாவா வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இதான்டா தவளை. இத்த நான் வெச்சிக்கிறேன்."

டப்பாவில் போட்டுத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டுதல் கெட்டது என்று கேட்டால் அவர் மனசு விட்டுவிடுவார் என்று பயம். அதற்கு அடுத்த வாரம் டாக்டர் கோலை விட்டு நடந்து பார்க்கலாம் என்று சொல்லியும் அவர் விடவில்லை. கால் நடுங்குகிறது என்றார். என்னால்தான் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

மின்சாரம் நின்ற ஒரு நாள் ஏரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். கோலைக் கரைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு அந்தத் தவளையைத்தான் வீசினார். மூன்றாவது வீச்சில் அல்லித் தண்டில் போய் மாட்டிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. போகட்டும், வேறு கட்டிக்கொள்ளலாம் என்று தூண்டில் நரம்பைப் பல்லில் வைத்தார்.

"அறுக்காதீங்க பாவா. அதுல என் முடி கீது."

"இன்னா முடி?"

"வேண்டிக்கின முடிங்க. உங்க காலுக்கு."

நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கொத்து கொறஞ்சா, முருகரு எண்ணிகினா இருப்பாரு?"

"நான் எண்ணிகினு இருக்கேங்க."

சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் ஆழம் வந்துவிட்டது. பின்னால் பாவா திட்டுவது கேட்டது. அடுத்த அடி வைக்கத் தயங்கி நின்றபோது என் சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது. இன்னொரு கை என்னைத் தாண்டி நீண்டு, தண்டைச் சுற்றியிருந்த நரம்பை விடுவித்துத் தவளையை எடுத்தது. கறுப்பு முடி அப்படியே இருந்தது.

திரும்பிக் கரையைப் பார்த்தேன். கோல் சேற்றில் தனியாக நின்றுகொண்டிருந்தது.

அவரும் அப்போதுதான் பார்த்தார். எனக்கு வந்த முதல் கவலையைச் சொன்னால் சிரிப்பார்கள்.

"தண்ணியில நடந்தது செல்லுமாங்க?"

ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிற மாதிரி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு கரையேறி, கோலைத் தொடாமல் ஒவ்வொரு அடிக்கும் சத்தமாக எண்ணிக்கொண்டு நடந்தார். நாலு முடிந்ததும் நின்று என்னைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று வைத்தார்.

அந்த வாரமே மலைக்குப் போனோம். மொட்டை போடுகிற இடத்தில் பாவா என் பக்கத்தில் உட்கார்ந்தார், கோலை வீட்டில் விட்டு வந்திருந்தார். தலை வழிக்கிறவர் தண்ணீர் தடவும்போது சட்டைப் பையிலிருந்து தவளையை எடுத்தேன். அவர் கையை நிறுத்திவிட்டார். இதையும் முடியோடு சேர்க்க வேண்டும் என்று விளக்கப் பார்த்தேன், சொல் சரியாக வரவில்லை.

பாவா அதை என் கையிலிருந்து வாங்கினார்.

"முள்ள எடுத்துட்டுக் குடுக்கலாம் இரு. சாமி கையில குத்திக்கப் போவுது."

மடியில் வைத்துக்கொண்டு நான் போட்ட முடிச்சை நகத்தால் அவிழ்க்க ஆரம்பித்தார். நகப்பூச்சு காய்ந்து இறுகியிருந்தது. என் தலை முழுக்க வழித்து முடிகிற வரை அவரால் அவிழ்க்க முடியவில்லை.